பூட்டை எத்தனை தடவை இழுப்பது?

மந்தைவெளி பஸ் ஸ்டாப்பில் நிற்கிறீர்கள். மெட்ரோ வேலைக்காகத் தகரத் தடுப்பு வைத்து ரோட்டைப் பாதியாக்கியிருக்கிறார்கள். தூரத்தில் பஸ் தெரிகிறது. அந்த நேரம் பார்த்து மனசுக்குள் ஒரு கேள்வி: வீட்டைப் பூட்டினேனா?

பூட்டித்தான் இருப்பீர்கள். சாவி பையில் இருக்கிறதே. ஆனால் கதவை வெறுமனே சாத்திவிட்டுச் சாவியைப் பையில் போட்டிருக்கலாம் இல்லையா? சரி, கேஸ்? பால் பொங்கியதும் அணைத்தது ஞாபகம் இருக்கிறது. அது இன்றைக்கா, நேற்றா? பஸ் வந்து நின்றுவிட்டது. ஏறுவதா, திரும்பிப் போவதா?

நான் பல வருஷம் திரும்பிப் போன ஆள். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடி. மூச்சு வாங்க ஏறிப் பார்த்தால் பூட்டு தன்பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருக்கும். இழுத்துப் பார்ப்பேன். இன்னொரு தடவை இழுப்பேன். எதிர் வீட்டுப் பாட்டி கதவிடுக்கில் தலையை நீட்டி, "பூட்டிட்டேடா, நான்தான் பார்த்தேனே" என்பார். அவர் பார்த்தது எனக்குப் போதாது. நானே பார்த்த பிறகும், படியிறங்கி வாசலுக்கு வருவதற்குள் மறுபடி அரிப்பு தொடங்கிவிடும். இழுத்தபோது பூட்டு அசையாமல் இருந்ததா, கொஞ்சம் இறங்கியதா?

இதில் புதிர் இரண்டு. ஐந்தாம் வகுப்பில் யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள் என்பது ஞாபகம் இருக்கிற மூளைக்கு, ஐந்து நிமிஷத்துக்கு முன் பூட்டியது ஏன் ஞாபகம் இல்லை? இதையாவது மறதி என்று தள்ளிவிடலாம். இரண்டாவதுதான் எனக்கு விளங்காமலேயே இருந்தது. ஒரு தடவை பார்த்தால் ஒரு பங்கு நம்பிக்கை வரும் என்றால், நாலு தடவை பார்த்தால் நாலு பங்கு வரவேண்டும். எனக்கு அது குறைந்துகொண்டே போனது.

திரையில் ஒரு கேஸ் அடுப்பு

நெதர்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர்கள் மார்செல் வான் டென் ஹௌட், மெரல் கிண்ட் இருவரும் இந்த இரண்டாவது புதிரைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார்கள். 2003-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு எளிமையானது, செலவும் அதிகமில்லாதது.

கம்ப்யூட்டர் திரையில் ஒரு கேஸ் அடுப்பு. பல பர்னர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு திருகு. மவுஸால் திருகைத் திருப்பிப் பற்றவைக்கலாம், அணைக்கலாம், அணைந்துவிட்டதா என்று சரிபார்க்கலாம். சோதனைக்கு வந்தவர்கள் எந்த மனநோயும் இல்லாத சாதாரண மனிதர்கள். முதலில் எல்லோரும் சில பர்னர்களை ஒரு தடவை சரிபார்த்தார்கள். உடனே கேள்விகள்: எந்தெந்த பர்னரைப் பார்த்தீர்கள்? அந்தக் காட்சி எவ்வளவு தெளிவாக மனசில் நிற்கிறது? உங்கள் ஞாபகத்தை நீங்கள் எவ்வளவு நம்புகிறீர்கள்?

பிறகு கூட்டத்தை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி 20 தடவை திரும்பத் திரும்ப அடுப்பைச் சரிபார்த்தது. மறுபாதி அதே 20 தடவை அடுப்பை விட்டுவிட்டு, திரையிலிருந்த மின்விளக்குகளைச் சரிபார்த்தது. கடைசியாக எல்லோரும் அடுப்பை இன்னொரு தடவை பார்க்க, பழைய கேள்விகளையே மறுபடி கேட்டார்கள்.

எந்த பர்னர் என்ற கேள்விக்கு இரண்டு கூட்டமும் ஏறக்குறைய ஒரே அளவு சரியாகப் பதில் சொன்னது. அடுப்பை 20 தடவை பார்த்தவர்களின் ஞாபகம் கெட்டுப்போகவில்லை. ஆனால் அவர்களிடம் காட்சியின் தெளிவு மங்கியிருந்தது, நுணுக்கங்கள் போயிருந்தன, 'என் ஞாபகத்தை நம்புகிறேன்' என்ற தைரியம் சரிந்திருந்தது. விளக்கைப் பார்த்தவர்களுக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. சரியான விடையைக் கையில் வைத்துக்கொண்டே அதைச் சந்தேகிக்கிற நிலைக்கு, ஆரோக்கியமான மனிதர்களைச் சில நிமிஷங்களில் கொண்டுவந்துவிட்டார்கள்.

திரையில் இருப்பது பொய் அடுப்புதானே என்று நீங்கள் கேட்கலாம். கனடாவில் கன்கார்டியா பல்கலைக்கழகத்தின் ஆடம் ராடம்ஸ்கி குழுவினரும் அப்படித்தான் கேட்டார்கள். நிஜச் சமையலறையில் நிஜ அடுப்பை வைத்துச் சோதித்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். அங்கேயும் நம்பிக்கை சரிந்தது.

ஏன் இப்படி? ஒரு தபால் உறையில் ஒரே இடத்தில் 20 தடவை முத்திரை குத்திப் பாருங்கள். முத்திரை விழுந்திருப்பது சந்தேகமில்லாமல் தெரியும். கடைசியாகக் குத்தியதில் என்ன தேதி என்று மட்டும் படிக்க முடியாது. புதுப் பூட்டு வாங்கிய முதல் நாள் அதன் பளபளப்பு, சாவி திரும்பும் இறுக்கம் எல்லாவற்றையும் மூளை கவனித்து எழுதிக்கொள்கிறது. பழகிய பிறகு கை தானாகப் பூட்டுகிறது. எழுதிக்கொள்ள அதில் புதிதாக எதுவும் இல்லை.

தமிழில் 'ஞாபகம் இருக்கு' என்று ஒன்று சொல்கிறோம், 'தெரியும்' என்று ஒன்று சொல்கிறோம். நேற்று ராத்திரி சாப்பிட்டது ஞாபகம் இருக்கிறது. தட்டு, சாம்பார் வாசனை எல்லாம் சேர்ந்து வரும். கபாலீஸ்வரர் கோயில் மயிலாப்பூரில் இருப்பது தெரியும்; அதற்குக் காட்சி எதுவும் தேவையில்லை. திரும்பத் திரும்பச் சரிபார்த்தவர்களிடம் நடந்ததும் இந்த இடம்பெயர்தல்தான். பர்னர் அணைந்தது அவர்களுக்குத் தெரிந்திருந்தது, ஞாபகமாக மட்டும் இல்லை. பஸ் ஸ்டாப்பில் நிற்கும் மனசோ காட்சியைக் கேட்கிறது. காட்சி கிடைக்காததால் திரும்பிப் போகிறோம், போய்ப் பார்ப்பது இன்னொரு முத்திரையாக விழுகிறது.

நிம்மதிக் கூலி

அப்படியானால் ஏன் விட முடியவில்லை? மாடியேறிப் பூட்டைப் பார்த்த கணத்தில் நெஞ்சு லேசாகிறது பாருங்கள், அதுதான் காரணம். ஒரு செயலால் வேதனை விலகினால் மூளை அந்தச் செயலைக் குறித்துவைத்துக்கொள்ளும், அடுத்த தடவை அதையே செய்யச் சொல்லும். உளவியலில் இதை எதிர்மறை வலுவூட்டல் என்பார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. இந்த அத்தியாயத்தில் நிம்மதிக் கூலி என்று வைத்துக்கொள்வோம். மாடியேறிய வேலைக்கு மூளை கொடுக்கும் தினக்கூலி.

இந்தக் கூலியில் ஒரு கள்ளக்கணக்கு உண்டு. பூட்டு முதலிலேயே பூட்டித்தான் இருந்தது. நான் திரும்பிப் போகாவிட்டாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் ஒன்றும் ஆகாததற்கான பெருமை, திரும்பிப் போனதன் பேரில் வரவாகிறது. திரும்பிப் போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்க்கிற சந்தர்ப்பமே மூளைக்குக் கிடைப்பதில்லை.

நம் வீடுகளில் இது புதிதல்ல. கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்லக்கூடாது, 'போயிட்டு வரேன்' என்றுதான் சொல்ல வேண்டும். செருப்புப் போட்ட பிறகு யாராவது 'எங்கே?' என்று கேட்டுவிட்டால் உள்ளே வந்து உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். நான் இன்னமும் 'போயிட்டு வரேன்' என்றுதான் சொல்கிறேன். ஒரு சொல், ஒரு வாய் தண்ணீர், செலவு அவ்வளவுதான். தவறவிட்ட பஸ்ஸும் ஏறி இறங்கிய மூன்று மாடியும் சேரும்போதுதான் கணக்கு உதைக்கிறது.

கணக்கு என்றதும் ஒன்று போட்டுப் பார்த்தேன். வருஷத்துக்கு 300 நாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிறோம் என்று வைத்தால் 30 வருஷத்தில் 9,000 தடவை. பூட்டாமல் போன நாட்களை எண்ண உங்களுக்கு ஒரு கை விரல்கள் போதும். அப்படிப் போன நாளிலும் திருடன் அதே தெருவுக்கு, அதே மாடிக்கு, அதே மணிக்கு வந்திருக்க வேண்டும். இதை ஒரு தாளில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொண்டேன். பிரயோஜனம் இல்லை. மனசு திருப்பிக் கேட்டது: அந்த ஒரு நாள் இன்றைக்காக இருந்தால்?

அது கேட்பது நிச்சயம். ஆயிரத்தில் ஒன்று என்ற பதில் அதற்கு வேண்டாம்; பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். கனடாவில் மிஷல் டுகாவும் அவருடன் வேலை செய்தவர்களும் 1990-களில் இதைத்தான் ஓயாத கவலையின் வேர் என்றார்கள். நிச்சயமின்மை ஒவ்வாமை என்று அதைச் சொல்லலாம். வேர்க்கடலை ஒவ்வாதவருக்கு ஒரு பருப்பு போதும். இவர்களுக்குத் துளி 'ஒருவேளை' போதும்.

வேளச்சேரிப் பாலத்துக் கார்கள்

இந்த இடத்தில் சென்னைக்காரர் ஒருவர் கோபப்படலாம், நியாயமாகவே. "இங்கே ஒருவேளை என்று நினைத்ததெல்லாம் நடந்திருக்கிறதே ஐயா!"

நடந்தது. 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், அடையாறு கரையெல்லாம் ராத்திரியோடு ராத்திரியாக முழுகியது. மறுநாள் 'தி இந்து' சென்னையில் வெளிவரவில்லை. ஊழியர்களால் அச்சகத்துக்குப் போக முடியவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது, வேளச்சேரி மறுபடி முழுகியது.

அதனால்தான் 2024 அக்டோபர் நடுவில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் காரை எடுத்துப்போய் மேம்பாலத்தின் ஓரத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். அபராதம் போடுகிறார்கள் என்று செய்தி பரவியது, காவல்துறை மறுத்தது. 15-ஆம் தேதி நல்ல மழை. 16-ஆம் தேதிக்கு ரெட் அலர்ட். தாழ்வு மண்டலம் சென்னைக்கு வடக்கே கரை கடக்க, பயந்த அளவுக்கு அன்றைக்கு மழை இல்லை. பலர் கேலி செய்தார்கள். நான் கேலி செய்ய மாட்டேன். ஏரியும் சதுப்புநிலமுமாக இருந்த பகுதியில் வீட்டை வாங்கிவிட்ட பிறகு, அந்தப் பாலம்தான் பக்கத்திலிருக்கும் மேட்டு நிலம்.

அன்றைக்கு அந்தப் பாலத்தில் இரண்டு பேர் அடுத்தடுத்துக் காரை நிறுத்தியிருந்தார்கள் என்று கற்பனை செய்யுங்கள். இருவருடைய காரும் பத்திரம். ஒருவர் வீட்டுக்கு நடந்துபோய்த் தூங்கினார். மற்றவர் விடிய விடிய ஃபோனில் ரேடார் படத்தைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். வானிலைப் பதிவர் பிரதீப் ஜான் என்ன எழுதியிருக்கிறார், குடியிருப்பு வாட்ஸப் குழுவில் என்ன வந்திருக்கிறது, கைபிரேக் போட்டோமா? முதல் ஆள் செய்ததை ஏற்பாடு என்கிறோம். அதற்கு ஒரு முடிவு உண்டு: கார் மேலே ஏறியாயிற்று, வேலை தீர்ந்தது. இரண்டாம் ஆளும் அதே ஏற்பாட்டைச் செய்தவர்தான். அதற்குப் பிறகு அவர் பார்த்த எதுவும் காரை ஓர் அங்குலம்கூட உயர்த்தவில்லை. கவலைக்கு இந்த மாதிரி முடியும் இடம் கிடையாது. அதை அடையாளம் காண எனக்குத் தெரிந்த ஒரே வழியும் இதுதான்: இந்த வேலை முடிந்தது என்று சொல்ல ஒரு புள்ளி இருக்கிறதா?

மழைச் சத்தம்

கோட்டூர்புரத்தில் தரைத்தள வீட்டில் இருக்கும் ஒரு அக்காவைத் தெரியும். 2015-இல் பிள்ளைகளின் சர்டிபிகேட் எல்லாம் நனைந்து கூழாகி, பிறகு நகல் வாங்க அலைந்தவர். இப்போது அவையெல்லாம் பிளாஸ்டிக் உறையில், பரண்மேல், வெளியூர்ப் பெட்டிக்குள். "மழைக்காலத்துல தூங்குவீங்களாக்கா?" என்று கேட்டேன். "மழை வராத ராத்திரி தூங்குவேன் தம்பி" என்றார். தகரக் கூரைமேல் சத்தம் கேட்டால் டார்ச்சோடு எழுந்து கேட் வரைக்கும் போய்த் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார். படுப்பார். மறுபடி எழுவார். சித்திரை மாசத்துக் கோடைமழைக்கும் இதே கதைதான். கோடைமழையில் ஆறு பெருகாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிவது வேறு, உடம்பு நம்புவது வேறு.

இதை முதலில் எழுதிவைத்தவர்களில் ஒருவர், மணிச் சத்தத்துக்கு நாயின் வாயில் எச்சில் ஊறுவதைக் காட்டியதாக நாமெல்லாம் பள்ளியில் படித்த பாவ்லவ். 1924 செப்டம்பர் 23 அன்று லெனின்கிராடில் நேவா ஆறு கரைபுரண்டு அவருடைய ஆய்வக நாய்க்கூடங்களுக்குள் புகுந்தது. கூண்டுக் கதவு கீழே இருந்ததால், நாய்களைத் தண்ணீருக்குள் அமுக்கித்தான் வெளியே இழுக்க முடிந்தது. உயிர் பிழைத்த நாய்களில் சில, பயிற்சியில் கற்ற பழக்கங்களை அடியோடு இழந்திருந்தன. பல நாள் பொறுமையாகப் பழக்கி அவற்றை மீட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு நாள் சோதனை அறைக் கதவிடுக்கு வழியாகக் கொஞ்சம் தண்ணீரைக் கசியவிட்டார்கள். கால் நனையும் அளவுதான். மீண்டுவந்த நாய் மறுபடி நடுங்கியது, கற்றதை மறந்தது.

இதிலிருந்து பிற்பாடு தெரிந்துகொண்டது முக்கியமானது. தணிந்த பயம் அழிந்துவிடுவதில்லை. 'தண்ணீர் என்றால் ஆபத்து' என்ற பழைய வரி அப்படியே இருக்கிறது. அதன் பக்கத்தில் 'இந்தத் தண்ணீர் ஆபத்தில்லை' என்று மூளை புதிதாக ஒரு வரி எழுதுகிறது. அமெரிக்காவில் மார்க் பௌட்டன் எலிகளை வைத்துக் காட்டினார்: ஓர் இடத்தில் தணிந்த பயம் வேறு இடத்தில் திரும்பத் தலைகாட்டும். புதிய வரி எழுதப்பட்ட இடத்தில்தான் அதன் குரல் பலமாகக் கேட்கிறது. அதனால் அதைப் பல இடத்தில், பல தடவை எழுத வேண்டியிருக்கிறது.

அக்காவிடம் 'கவலைப்படாதீங்க' என்று சொல்லிப் பயனில்லாததும் இதனால்தான். வடிகால் ஒழுங்காக இல்லாத ஊரில் அப்படிச் சொல்வது கொஞ்சம் அநியாயமும்கூட.

புதிய வரி எழுதுவது

எப்படி எழுதுவது? அரிக்கிற இடத்தில் நிற்க வேண்டும், சொறியக்கூடாது. 1966-இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர், சடங்குபோல ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்த இரண்டு நோயாளிகளிடம் இதைச் சோதித்தார். பயம் வரும் நிலைமையில் அவர்களை நிறுத்தி, அந்தச் சடங்கைச் செய்யவிடாமல் நர்சுகள் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார்கள். இருவரும் பெருமளவு தேறினார்கள். இன்றைக்கும் எண்ணச் சுழற்சி நோய்க்கு, அதாவது ஓசிடிக்கு, பேச்சு வழிச் சிகிச்சைகளில் முதலிடம் இந்த முறையின் வாரிசுக்குத்தான்.

நோய் அளவுக்குப் போகாத என் போன்ற ஆளுக்கு நர்ஸ் வேண்டாம். பூட்டும்போது ஒரு தடவை, கவனத்தோடு இழுப்பது. அதற்குமேல் கிடையாது. முதல் வாரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு வயிற்றைப் பிசைந்தது. அடையாறு சிக்னல் வரை பிசைந்தது. மத்திய கைலாஷ் தாண்டும்போது வேறு ஏதோ யோசித்துக்கொண்டிருந்தேன் என்பதை இறங்கிய பிறகுதான் கவனித்தேன். நான் எதுவும் செய்யாமலேயே அது தணிந்திருந்தது. திரும்பிப் போன அத்தனை வருஷமும் இது எனக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம், ஒரு நாளும் மத்திய கைலாஷ் வரை காத்திருந்து பார்க்கவில்லை என்பதுதான்.

வேலை, பிள்ளைகள், உடம்பு பற்றிய கவலைகளுக்கு இழுத்துப் பார்க்கப் பூட்டு கிடையாது. அவற்றுக்கு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு யோசனைகள் வந்தன. 1983-இல் தாமஸ் போர்கோவெக் குழுவினர் சொன்னது: தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் அரை மணி கவலைக்கு ஒதுக்குங்கள், மற்ற நேரத்தில் கவலை வந்தால் 'சாயங்காலம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடுங்கள். கேட்கச் சிரிப்பு வரும். நான் நாகேஸ்வர ராவ் பூங்காவில் ஒரு பெஞ்சைத் தேர்ந்தெடுத்தேன். சாயங்காலம் உட்கார்ந்தால் காலையில் தள்ளிப்போட்டதில் பாதி ஞாபகத்துக்கே வராது.

இரண்டாவது 2020-இல் லூகஸ் லாஃப்ரெனியரும் மிஷல் நியூமனும் வெளியிட்டது. ஓயாத கவலை நோய் உள்ள 29 பேரைக் கவலைகளை எழுதிவைக்கச் சொல்லி, எது பலித்தது என்று 30 நாள் கண்காணிக்க வைத்தார்கள். நூற்றுக்கு 91-க்கு மேல் பலிக்கவில்லை. சின்ன ஆய்வுதான், அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். ஆனால் தன் கவலை பலிக்காததைத் தன் நோட்டிலேயே அதிகம் பார்த்தவர்கள் அதிகம் தேறினார்கள். நான் பர்ஸில் வைத்த 9,000 ஏன் வேலை செய்யவில்லை என்று அப்போது புரிந்தது. அது உட்கார்ந்து போட்ட கணக்கு. நோட்டு ஒவ்வொரு நாளும் முதலில் பயந்து, பிறகு பார்த்து எழுதியது.

கோட்டூர்புரத்து அக்கா நோட்டு எழுதுகிறவர் அல்ல. போன மழைக்கு அவர் மகள் ஒரு ஏற்பாடு செய்தாள். ராத்திரி 9 மணிக்கு ஒரு தடவை செம்பரம்பாக்கத்தில் 24 அடிக்கு எத்தனை அடி நிற்கிறது, உபரித் தண்ணீர் திறக்கிறார்களா என்று பார்ப்பது. ஏரி தாழ இருந்தால் கேட்டுக்குப் போவதில்லை. உயர்ந்திருந்தால் மாடிவீட்டுக்காரர் முழித்திருப்பார், அவர் குரல் கொடுப்பார். முதல் ராத்திரி அக்கா இரண்டு தடவை எழுந்துவிட்டாராம். மூன்றாவது மழைக்கு ஒரு தடவை. டார்ச் இன்னும் தலையணைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

சிலருக்கு இந்த அத்தியாயம் போதாது. சரிபார்ப்பதிலேயே தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறது, வேலைக்கு நேரத்துக்குப் போக முடியவில்லை, தூக்கம் கெட்டு வாரக்கணக்காகிறது என்றால் அது சுபாவமில்லை, சிகிச்சை உள்ள நோய். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் 1794-இலிருந்து இருக்கிறது. அவ்வளவு தூரம் போகத் தயக்கமாக இருந்தால், 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவை இருக்கிறது. எண் 14416. இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.